இலக்குத்தாள் முழுவதும் பச்சை, வாடிக்கையாளர்கள் மட்டும் போய்க்கொண்டிருக்கிறார்கள்

அல்சூர்க்காரி
டிசம்பர் 9, இரவு 10.42

வணக்கம். பெங்களூரு வெளிவட்டச் சாலையில் பெல்லந்தூர் பக்கம் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் குழுத்தலைவி. சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். என் குழுவில் 14 பேர். நிறுவனத்தில் மொத்தமாக முந்நூறு பேருக்குள் இருப்போம்.

சென்ற ஆண்டு ஓகேஆர் முறையைக் கொண்டுவந்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நோக்கம், அதன் கீழ் எண்ணால் அளக்கக்கூடிய மூன்று நான்கு விளைவுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய தாள். எல்லாருடைய தாளையும் எல்லாரும் திறந்து பார்க்கலாம். முதல் கூட்டத்தில் எங்கள் இயக்குநர், "இனி இங்கே எதுவும் மூடுமந்திரம் இல்லை" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பத்து ஆண்டு வேலையில் மேலே இருப்பவர்கள் எதற்காக ஓடுகிறார்கள் என்பதே தெரியாமல் அவர்களோடு ஓடியவள் நான்.

என் குழுவுக்கு வந்த விளைவுகளில் ஒன்று, வாடிக்கையாளர் புகாரை முடிக்கும் சராசரி நேரத்தை 48 மணியிலிருந்து 24 மணியாகக் குறைப்பது. இரண்டே மாதத்தில் 22க்கு வந்துவிட்டோம். கட்டம் பச்சையானது. கேக் வெட்டினார்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, சும்மா இருக்க முடியாமல் பழைய புகார்களைக் கிளறினேன். "மேலும் விவரம் தேவை" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடிவிடுகிறார்கள் எங்கள் பிள்ளைகள். வாடிக்கையாளர் விவரம் அனுப்பினால் அது புதிய புகார், புதிய எண், கடிகாரமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஓசூர் சாலையில் கிடங்கு வைத்திருப்பவர் ஒருவரிடம் ஒரே கோளாறுக்கு ஐந்து எண்கள் இருந்தன. அவர் இப்போது எங்கள் வாடிக்கையாளர் இல்லை. அந்தக் காலாண்டில் இன்னும் இருவரும் போய்விட்டார்கள்.

யாரும் யாரையும் ஏமாற்றச் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள். எப்படியோ இது நடந்துவிட்டது.

ஜனவரி முதல் மார்ச் வரைக்கான தாளைத் துறை முழுவதற்கும் நானே எழுத வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். கோளாறு இந்த முறையிலேயே இருக்கிறதா, நாங்கள் கையாண்ட விதத்தில் இருக்கிறதா? உங்கள் இடத்தில் எப்படி? "மேலே பேசிப் பாருங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.


சில்க்போர்டு சித்தர்
டிசம்பர் 9, இரவு 11.15

எங்கள் அலுவலகத்தில் முதலில் கேஆர்ஏ (முக்கியப் பொறுப்புகளின் பட்டியல்). பிறகு கேபிஐ (செயல்திறனை அளக்கும் எண்கள்). இப்போது ஓகேஆர். பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, கடையும் கல்லாவும் அதே. மார்ச்சில் அப்ரைசல் அறைக்குள் போனால் மூன்றுக்கும் கேள்வி ஒன்றுதான்: "எண் வந்ததா?"

கேக் என்ன கேக்?


கோரமங்கலா குமரன்
டிசம்பர் 10, காலை 8.05

சித்தரே, காலையிலேயே தொடங்கிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த முறைக்கு வக்கீல். இரண்டு நிறுவனங்களில் இதை வைத்து வேலை பார்த்திருக்கிறேன். ஒன்றில் நன்றாக நடந்தது.

இது வானத்திலிருந்து விழுந்த முறை இல்லை. 1954இல் நிர்வாக அறிஞர் பீட்டர் டிரக்கர், மேலாளர்கள் உத்தரவு போடுவதை விட்டு நோக்கங்களைப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினார். அதை எடுத்து எழுபதுகளில் சிப் நிறுவனமான இன்டெல்லுக்கு ஏற்றபடி செதுக்கியவர் ஆண்டி குரோவ். இரண்டே கேள்விகள்: எங்கே போக வேண்டும், போய்க்கொண்டிருக்கிறோமா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது. 1980இல் மோட்டரோலாவின் சிப்பை முந்துவதற்கு தன் 8086 சிப்பைப் பிற நிறுவனங்களின் 2,000 கருவி வடிவமைப்புகளில் நுழைப்பது என்று இன்டெல் இலக்கு வைத்தது. சுமார் 2,500 வந்தது. அவற்றில் ஒன்று ஐபிஎம். குரோவிடம் வேலை பார்த்த ஜான் டோர் 1999இல் இதைக் கூகுளுக்குக் கொண்டு போனார். அப்போது அங்கே சில பத்துப் பேர்தான்.

கூகுளில் ஒவ்வொரு விளைவுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண். எட்டாக்கனியாக வைத்த இலக்கில் 0.7 வாங்கினால் அது நல்ல மதிப்பெண். எல்லாவற்றிலும் 1 வாங்கினால், "இலக்கைத் தாழ்வாக வைத்திருக்கிறாய்" என்று பொருள். நம் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை குரோம் உலாவியைப் பார்த்துக்கொண்டபோது 2008க்கு 2 கோடி வாராந்திரப் பயனர்கள் என்று இலக்கு வைத்தார். எட்டவில்லை. அடுத்த ஆண்டு இலக்கைக் குறைக்காமல் 5 கோடி ஆக்கினார். 3.8 கோடிதான் வந்தது. 2010இல் 11.1 கோடி என்று வைத்தார், எட்டினார். இரண்டு ஆண்டு தொடர்ந்து கட்டம் சிவப்பு. நம் அலுவலகங்களில் அப்படி ஒருவரை மூன்றாம் ஆண்டும் நாற்காலியில் விட்டுவைப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அல்சூர்க்காரி அக்கா, உங்கள் கோளாறு இணை அளவை இல்லாதது. இதுவும் குரோவ் சொன்னதுதான். வேகத்தை அளந்தால், அந்த வேகத்தால் எது கெடுமோ அதையும் பக்கத்திலேயே நிறுத்தி அளக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பக்கத்தில் "ஒரே கோளாறு மறுபடி வந்த எண்ணிக்கை" என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.


எம்ஜி ரோடு வங்கிக்காரர்
டிசம்பர் 10, காலை 9.50

குமரன் நல்ல கதைகளாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். இன்னொரு கதையும் இருக்கிறது.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு. எட்டு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் அந்தச் சொல் "கிரேட்" என்பதோடு எதுகையாக ஒலிக்கிறது, அவ்வளவுதான். கிளைப் பணியாளர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 பேர் வேலையிழந்தார்கள். 2020இல் இன்னும் 300 கோடி டாலர் கட்டி வழக்குகளை முடித்துக்கொண்டது வங்கி. எண் வேண்டும் என்றார்கள், எண் கிடைத்தது.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டன் பொருளாதார அறிஞர் 1975இலேயே, பணக்கொள்கையைப் பற்றி எழுதும்போது இதைச் சொன்னார். ஓர் அளவையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்வரை அது உண்மை பேசும். அதையே கடிவாளமாக்கி இழுத்தால் பேசுவதை நிறுத்திவிடும். (என் சொற்களில் எழுதியிருக்கிறேன். அவர் இன்னும் வறட்சியாக எழுதினார்.)


ஓய்ந்த ஃபோர்மேன்
டிசம்பர் 10, மாலை 4.30

எனக்கு ஓகேஆர் தெரியாது. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது பானஸ்வாடியில் பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். படித்தபோது ஒன்று உறுத்தியது, எழுதுகிறேன்.

சென்னையில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கியது. 2002இல் டிவிஎஸ் மோட்டாருக்கும் அதே பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் எந்த ஆலைக்குப் போனாலும் ஜப்பானியச் சொற்கள்தான். ஹோஷின் கன்ரி என்று ஒரு முறை. மேலிருந்து ஆண்டு இலக்கு வரும். ஆனால் அது உத்தரவாக வராது, பந்தாக வரும். மேலாளர் எங்களிடம் போடுவார். நாங்கள் பார்த்துவிட்டு, "இது முடியும், இதற்கு இன்னது வேண்டும்" என்று திருப்பிப் போடுவோம். அவர் மறுபடி போடுவார். பந்து ஓயும்வரை எந்தத் தாளும் சுவரில் ஏறாது.

ஓர் ஆண்டு, கழிவாகும் உதிரிபாகங்களை நூற்றுக்கு நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் வரிசையில் மூத்தவர் ஒருவர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால், "பழைய அச்சை வைத்துக்கொண்டு மூன்றுதான் முடியும். அச்சை மாற்றினால் இரண்டு" என்று எழுதிக் கொடுத்தார். மூன்று முறை போய் வந்தது. கடைசியில் அச்சுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அந்தப் பின்பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை, தாளோடு சேர்த்தே சுவரில் மாட்டினார்கள். எண்ணைக் கேட்டவர் என்ன கொடுத்தார் என்பதும் சுவரிலேயே இருந்தது.

அம்மா, உங்கள் 24 மணி நேரம் எந்தப் பந்தாட்டத்தில் வந்தது?


சில்க்போர்டு சித்தர்
டிசம்பர் 10, மாலை 5.02

ஐயா, ஒரு சந்தேகம். டெமிங் பரிசு யார் பெயரில் இருக்கிறதோ அந்த மனிதரே எண் இலக்குகளை வைத்து நிர்வாகம் செய்வதைக் கைவிடுங்கள் என்று எழுதியவர் ஆயிற்றே? அவருடைய 14 கட்டளைகளில் பதினொன்றாவது.


ஓய்ந்த ஃபோர்மேன்
டிசம்பர் 10, மாலை 6.20

ஆமாம் தம்பி. அச்சை மாற்றித் தராமல் இரண்டு கேட்பவர்களைத்தான் அவர் திட்டினார் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்களுக்கு வசதியான விளக்கமாகவும் இருக்கலாம்.


மனிதவள மல்லிகா
டிசம்பர் 10, இரவு 9.33

எங்கள் துறையை இன்னும் யாரும் திட்டவில்லை, வியப்பாக இருக்கிறது. நானே தொடங்கி வைக்கிறேன்.

இந்த முறையை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு கூட்டத்திலும், "இதற்கும் சம்பள உயர்வுக்கும் தொடர்பு இல்லை" என்று ஒரு வாக்கியம் சொல்கிறோம். நான் இருந்த ஓர் இடத்தில் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவளே நான்தான். மார்ச் மாதம் மதிப்பீட்டுக் குழு கூடியது. எட்டுப் பேரை வரிசைப்படுத்த வேண்டும், ஒருவருக்கும் யாரைப் பற்றியும் முழுதாகத் தெரியாது. ஒருவர், "அந்த இலக்குத்தாளைக் கொஞ்சம் திறங்களேன்" என்றார். திறந்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 0.7 வாங்கியவர் 0.9 வாங்கியவருக்குக் கீழே போய்விட்டார். அடுத்த காலாண்டில் அந்தத் தளத்தில் ஒருவர்கூட எட்டாத இலக்கு எழுதவில்லை. எல்லாரும் முடித்துவிட்ட வேலைகளையே இலக்காக எழுதினார்கள். யாரைக் குறை சொல்வது?

திட்டவட்டமான, கடினமான இலக்கு "உன்னால் முடிந்ததைச் செய்" என்பதைவிட அதிக வேலை வாங்கும் என்பதை உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல்லாண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அதற்கு மறுமொழியாக 2009இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய கட்டுரையையும் படித்தேன். இலக்கு என்பது வீரியமான மருந்து, அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும், புட்டிமேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நாங்கள் சீட்டு ஒட்டுகிறோம். மார்ச்சில் நாங்களே உரித்துவிடுகிறோம்.


பீனியா பட்டறை
டிசம்பர் 11, காலை 7.10

எங்களிடம் 23 பேர். ஒரு கரும்பலகை. யாருக்கு எத்தனை உருப்படி, என்று லாரி ஏற வேண்டும், என்று ஏறியது. தாமதமானால் யார் காரணம் என்று எழுத மாட்டோம், எது காரணம் என்று எழுதுவோம். அதில் பாதி நாள் "மின்சாரம்" என்று இருக்கும்.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு பெரிய வாடிக்கையாளரின் சின்ன உருப்படியை இனிச் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். இலாபம் இல்லை, இயந்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதையும் பலகையில் எழுதினேன். ஆட்களுக்கு அன்றுதான் நான் எதை நோக்கிப் போகிறேன் என்று புரிந்தது. அதற்கு முன் எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தாள்களில் எங்கேயாவது, "இதை இனிச் செய்ய மாட்டோம்" என்று ஒரு வரி இருக்கிறதா?


அல்சூர்க்காரி
டிசம்பர் 11, இரவு 11.48

எல்லாருக்கும் நன்றி. பட்டறைக்காரரின் கேள்வியைக் காலையில் மெட்ரோவில் படித்துவிட்டு, அலுவலகம் போனதும் முதல் வேலையாகத் தாள்களைத் தேடினேன். இல்லை. ஒரு தாளிலும் இல்லை. நிறுவன அளவில் 11 நோக்கங்கள் இருக்கின்றன. பதினொன்று! பெரிய வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும் இருக்கிறது, சின்ன வாடிக்கையாளர்களைப் பெருக்குவதும் இருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும் என்று எங்கள் தேநீர்க்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

ஃபோர்மேன் ஐயா கேட்ட கேள்விக்கு இன்று விடை தேடினேன். 24 மணி எங்கிருந்து வந்தது என்று நான்கு பேரிடம் கேட்டேன். கடைசியில் விற்பனைத் துறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: போட்டி நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்தில் 24 மணி என்று போட்டிருந்ததாம். அதைப் பார்த்து எங்கள் விளக்கப்படத்தில் ஏற்றினார்களாம். அங்கிருந்து இலக்குத்தாளுக்கு வந்துவிட்டது. வங்கிக்காரரின் எட்டு போலத்தான்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. இயக்குநரின் தாளைத் திறக்கப் போனால், "அனுமதி இல்லை" என்று வருகிறது. முதலீட்டாளர் தொடர்பான எண்கள் இருப்பதால் பூட்டியிருக்கிறார்களாம். அவருக்கு மேலே உள்ளவர்களுடையதும் அப்படியே. என் தாளைப் பயிற்சிக்கு வந்த மாணவர்வரை எல்லாரும் பார்க்கலாம். எனக்கு மேலே ஒன்றும் தெரியாது. ஒன்றரை ஆண்டாக இதைத்தான் வெளிப்படைத்தன்மை என்று நானும் பிறருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.


கோரமங்கலா குமரன்
டிசம்பர் 12, காலை 8.20

இதற்கு என்னாலும் வக்காலத்து வாங்க முடியாது. கூகுளில் நிறுவனர்களின் தாளையே நேற்றுச் சேர்ந்தவரும் பார்க்க முடிந்தது என்பதுதான் இந்த முறையின் உயிர். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தன் காலாண்டு இலக்குகளைப் பல ஆண்டுகள் வெளியுலகமே படிக்கும்படி இணையத்தில் வைத்திருந்தது. முதலீட்டாளர் எண்ணை மறைக்க வேண்டுமென்றால் அந்த ஒரு வரியை மறைக்கலாம், தாளையே பூட்ட வேண்டியதில்லை.

ஃபோர்மேன் ஐயாவின் பின்பக்கத்துக்கும் ஓர் உறவினர் இருக்கிறார். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் அதன் நிறுவனர் மார்க் பெனியாஃப் தொடக்கத்திலிருந்தே வேறொரு தாளைப் பயன்படுத்துகிறார். கனவு, விழுமியம், வழி, தடை, அளவை என்று ஐந்து பகுதிகள். எனக்குப் பிடித்தது நான்காவது. என்ன தடுக்கும் என்று இலக்கை எழுதும்போதே எழுதியாக வேண்டும்.


எலெக்ட்ரானிக் சிட்டி புதியவன்
டிசம்பர் 12, பிற்பகல் 1.15

இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். வேறு நிறுவனம்தான், ஆனால் அக்கா சொன்ன அந்த "மேலும் விவரம் தேவை" வரியை நானும் எழுதுகிறேன்.

மாலை ஐந்தரைக்கு எங்கள் குழுவின் வரைபடம் எல்லாருக்கும் மின்னஞ்சலில் போகும். ஐந்து மணிக்குக் குழுத்தலைவர் எழுந்து நம் பின்னால் நடப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நடப்பார், அவ்வளவுதான். அப்போது கையில் இருக்கும் கடினமான புகாரை மூடிவிட்டுச் சுலபமானதை எடுக்கத் தோன்றும். முதல் முறை கை நடுங்கியது. இப்போது இல்லை.

எங்கள் இலக்கு எந்த எண்ணிலிருந்து வந்தது என்று நானும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.


அல்சூர்க்காரி
டிசம்பர் 12, பிற்பகல் 1.40

தம்பி, நானும் அப்படி நடந்திருக்கிறேன். இதைப் படித்த பிறகுதான் நினைவு வருகிறது.


அல்சூர்க்காரி
ஜனவரி 21, இரவு 10.05

என்ன ஆனது என்று இருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தாள் கொடுக்கவில்லை. மூன்று நாள் தவணை கேட்டு, 14 பேரையும் உட்கார வைத்துப் பந்து ஆடிப் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. நான் பின்னால் நடக்கும் கதையை நானே சொன்ன பிறகு பேசினார்கள். புகார்களில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறதாம்: பழைய வகை பார்கோடு ஸ்கேனர்களுடன் எங்கள் மென்பொருள் ஒத்துப்போவதில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு பேர் ஆறு வாரம் உட்கார வேண்டும். இது ஓர் ஆண்டாக எல்லாருக்கும் தெரியும். எந்தத் தாளிலும் அதற்கு இடம் இல்லை, ஏனென்றால் அந்த ஆறு வாரமும் சராசரி நேரம் ஏறும்.

புதிய தாளில் ஒரே நோக்கம். ஒரே கோளாறு 14 நாளுக்குள் மறுபடி வந்தால் அது பழைய புகாரின் தொடர்ச்சி, கடிகாரம் நிற்காது. இப்படிக் கணக்கிட்டபோது எங்கள் உண்மையான சராசரி 61 மணி நேரம். 22 என்று கேக் வெட்டிய அதே காலாண்டுக்கு 61. பின்பக்கத்தில், எங்களுக்கு என்ன வேண்டும், என்ன செய்ய மாட்டோம் என்று எழுதினோம். வாடிக்கையாளர் கேட்ட இரண்டு புதிய வசதிகளை இந்தக் காலாண்டில் தொட மாட்டோம் என்பதும் அதில் உண்டு.

இயக்குநருக்கு 61 பிடிக்கவில்லை. "இதை எப்படி மேலே காட்டுவது?" என்றார். நீண்ட நேரம் பேசினோம். இரண்டு பேரைக் கொடுத்தார். பின்பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார், நான் மறுத்தேன், இருக்கிறது. தன் தாளைக் குழுத்தலைவர்கள் ஒன்பது பேருக்கு மட்டும் திறந்துவிட்டார், மற்றவர்களுக்கு இன்னும் பூட்டுதான். திறந்து பார்த்தேன். அதில் பாதிக் கட்டங்கள் சிவப்பு. பாவம், அவரும் அதை ஓர் ஆண்டாகத் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். போனஸுக்கும் தாளுக்கும் உள்ள முடிச்சைப் பற்றிக் கேட்டதற்கு, "அது என் கையில் இல்லை" என்றுவிட்டார்.

ஓசூர் சாலைக் கிடங்குக்காரரை அழைத்து, அந்த ஐந்து எண்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டதாகவும், அதிலும் ஸ்கேனர் தகராறுதான் என்றும் சொன்னார்.


ஓய்ந்த ஃபோர்மேன்
ஜனவரி 22, காலை 6.50

அந்த 61 யார் பெயரில் மாட்டியிருக்கிறது?


அல்சூர்க்காரி
ஜனவரி 22, காலை 7.30

என் பெயரில், ஐயா.


சில்க்போர்டு சித்தர்
ஜனவரி 22, காலை 9.58

ஏப்ரலில் வந்து சம்பளக் கடிதத்தைப் பற்றியும் எழுதுங்கள். கிண்டல் இல்லை, காத்திருக்கிறேன்.